கோர்ஃபு தீவு இஞ்சி பானம் சிட்சிபீரா: முதல் தடவை போடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரீஸ் நாட்டோட மேற்குப் பக்கம் அயோனியன் கடல்ல இருக்கிற தீவு கோர்ஃபு, அந்த ஊர்க்காரங்க கெர்கிரான்னு சொல்லுவாங்க. அங்க வெயில் காலத்துல கஃபேல போய் உக்காந்தா லேசா கலங்கலா, வெளிர் மஞ்சளா, அடியில கொஞ்சம் மண்டியோட ஒரு பாட்டில் வரும், அதுதான் சிட்சிபீரா. இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணி, நொதிக்க வைக்கத் துளி ஈஸ்ட், அவ்வளவுதான் சரக்கு. நம்ம வீட்டு அடுக்களைல கிட்டத்தட்ட எல்லாமே இருக்கு, ஆனா இதை எப்படிப் போடுறதுன்னு தமிழ்ல ஒழுங்கா எழுதினது நான் பாக்கல, அதனால முதல் தடவை முயற்சி பண்றவங்களுக்காக கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா செய்முறைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. கோர்ஃபு பல நூறு வருஷம் வெனிஸ்காரங்க கையில இருந்துச்சு, அப்புறம் பிரெஞ்சுக்காரங்க வந்தாங்க, 1815ல அயோனியன் தீவுகள் பிரிட்டிஷ்காரங்க பாதுகாப்புல போச்சு, 1864ல கிரீஸோட சேந்துடுச்சு. இந்த ஐம்பது வருஷ இடைவெளில பட்டாளத்துக்காரங்களும் அதிகாரிங்களும் அவங்க ஊர்ல குடிச்சுப் பழகின ஜிஞ்சர் பியரை, அதாவது நொதிக்க வச்ச இஞ்சி பானத்தை, இங்க கொண்டுவந்தாங்க. பேரும் அதேதான், கிரேக்க வாயில சிட்சிபீரான்னு ஆயிருச்சு. அவங்களே கொண்டுவந்த இன்னொரு விஷயம் கிரிக்கெட். 1823ல ஸ்பியனாடா மைதானத்துல பிரிட்டிஷ் கடற்படை டீமும் அங்க இருந்த பட்டாளத்து டீமும் ஆடினதைத்தான் கோர்ஃபு கிரிக்கெட்டோட ஆரம்பம்னு சொல்றாங்க, இன்னைக்கும் கிரீஸ் நாட்டுல கிரிக்கெட்னா அது கோர்ஃபுதான், அந்த நாட்டு கிரிக்கெட் சங்கமே அங்கதான் இருக்கு. மேட்ச் நடக்கும்போது பக்கத்துல லிஸ்டன்ங்கிற கட்டட வரிசையோட வளைவுகளுக்குக் கீழ உக்காந்து சிட்சிபீரா குடிக்கிறது அந்த ஊர் வழக்கம். பிரிட்டிஷ்காரங்க கிளம்பிப் போய் நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா ரெண்டும் அங்கயே நிலைச்சுடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இஞ்சி அந்தத் தீவுல விளையிற பொருளே இல்ல. இஞ்சி நம்ம ஆசியாப் பக்கத்துச் செடி, அந்தக் காலத்துல லண்டன் சந்தைல கொச்சி இஞ்சிக்குன்னு தனி மதிப்பு இருந்துச்சு. ஆனா எலுமிச்சை கோர்ஃபுவோட சொந்தச் சரக்கு. அதனாலதான் இங்கிலாந்து ஜிஞ்சர் பியர்ல இஞ்சி முன்னால நிக்கும், கோர்ஃபுகாரங்க கையில எலுமிச்சை முன்னால வந்து இஞ்சி பின்னால காரமா நிக்கும். சாறு மட்டும் இல்ல, தோல்ல இருக்கிற எண்ணெயும் சேப்பாங்க. இந்த ஒரு விஷயத்தை விட்டுட்டா நீங்க போடுறது வெறும் இஞ்சி சோடா, சிட்சிபீரா ஆகாது. இலங்கைல எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் குடிச்சுப் பழகினவங்களுக்கு இந்த வித்தியாசம் முதல் மடக்குலயே தெரியும். அதுவும் பிரிட்டிஷ் காலத்து வழில வந்ததுதான், ஆனா அங்க இஞ்சிதான் ராஜா.

அந்த ஊருக்கே போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் இது நல்லா கிடைக்கும், குளிர் காலத்துல போய்த் தேடாதீங்க. ப்ரிட்ஜ்ல வச்சு விக்கிற கடையா பாத்து வாங்குங்க, வெளிய ஷெல்ஃப்ல அடுக்கி வச்சிருக்கிறது பெரும்பாலும் கும்குவாட்ங்கிற குட்டி ஆரஞ்சு மாதிரிப் பழத்துல போடுற லிக்கரா இருக்கும், அது மதுபானம், வேற சமாச்சாரம். பாட்டிலைக் குலுக்காம ஒரு தடவை மெதுவா சாய்ச்சு நிமித்திட்டுத் திறங்க, அடியில இருக்கிறது கெட்டுப்போனது இல்ல, அது இஞ்சியும் எலுமிச்சையும்தான்.

சரி, வீட்டுல போடலாம். ரெண்டு லிட்டர் கணக்கு சொல்றேன், முதல் தடவைக்கு அதுக்கு மேல வேண்டாம்.

இஞ்சி 150 கிராம், நல்லா முத்தினதா, உடைச்சா நார் தெரியணும். இளசா தோல் மெல்லிசா இருக்கிறது வாசனையா இருக்கும் ஆனா காரம் வராது. வெள்ளை சர்க்கரை 200 கிராம். எலுமிச்சம்பழம் நம்ம ஊர் சின்னப் பழம்னா ஆறேழு, சாறு 120 மில்லி வரணும், அதுதான் கணக்கு. இது போக தோலுக்காக ரெண்டு பெரிய மஞ்சள் எலுமிச்சை, சூப்பர் மார்க்கெட்ல இறக்குமதிப் பழம்னு மெழுகு பூசி விப்பாங்களே அது, வெந்நீர்ல போட்டு நல்லா தேய்ச்சு மெழுகு போகக் கழுவிட்டு எடுங்க. அது கிடைக்கலைன்னா நம்ம பழத்துலயே நல்லா பழுத்து மஞ்சளானதா பாத்து எடுத்துக்கலாம், பச்சையா இருந்தா கசப்பு ஏறும். நார்த்தங்காய் தோல் போடலாமான்னு கேப்பீங்க, வாசனை பிரமாதமா இருக்கும், ஆனா கசப்பும் அதே அளவுக்கு வரும், முதல் தடவைக்கு வேண்டாம். ஈஸ்ட், பேக்கிங் கடைல கிடைக்கிற இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட், கால் டீஸ்பூன்ல பாதி போதும், ஒரு துளி கூட அதிகம் வேண்டாம். தண்ணி ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா. கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் ஈஸ்ட்டை அடக்கிடும், கொதிக்க வச்சு ஆறினதுதான் நல்லது.

கருப்பட்டி போடலாமா, நாட்டுச் சர்க்கரை போடலாமான்னு உடனே கேள்வி வரும். போடலாம், நொதிக்கும், குடிக்கவும் நல்லா இருக்கும், ஆனா அந்த மணம் எலுமிச்சை எண்ணெயை முழுங்கிடும். புதினா, ஏலக்காய், சுக்கு இதெல்லாம் வேற பானத்துக்கு வச்சுக்குங்க. சுக்கோட காரம் தொண்டைல பிடிக்கிற காரம், பச்சை இஞ்சிக் காரம் நாக்குல ஏறி இறங்குறது, ரெண்டும் ஒண்ணு இல்ல.

பாட்டில் விஷயம் முக்கியம், முதல்லயே சொல்லிடுறேன். சோடா, கூல்ட்ரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் எடுக்கணும், 750 மில்லி பாட்டில் மூணு இருந்தா சரியா இருக்கும். அது கேஸ் தாங்குறதுக்குன்னே செஞ்சது. குடிதண்ணி வர்ற மெல்லிசு பாட்டில் உப்பிடும். கண்ணாடி பாட்டில் பாக்க அழகா இருக்கும், போட்டோக்கு நல்லா வரும், ஆனா ஆரம்பிக்கிறவங்க தொடவே கூடாது, ஜாடி, ஜாம் பாட்டில், சதுரமா இருக்கிற அலங்கார பாட்டில் எதுவுமே கூடாது. கோலி சோடா பாட்டிலும் இதுக்கு ஆகாது, உள்ள இருக்கிற அழுத்தம் கோலியைத் தள்ளினாத்தான் அது மூடும், நம்மளோடது மெதுவா கேஸ் ஏறுற சமாச்சாரம், மூடவே மூடாது.

இப்ப முதல் வேலை தோல். மஞ்சள் பழத்தோட மேல்தோலை மட்டும் கத்தில மெல்லிசா சீவி எடுங்க, உள்ள இருக்கிற வெள்ளை வரவே கூடாது, கசப்பெல்லாம் அதுலதான் இருக்கு. சீவின தோலை 200 கிராம் சர்க்கரைலயும் போட்டு விரலால நல்லா கசக்குங்க. ஒரு அஞ்சு நிமிஷத்துல சர்க்கரை உலர்ந்த பதம் போய் ஈர மணல் மாதிரி ஆகும், லேசா மஞ்சள் ஏறும், வாசனை கைல ரெண்டு மணி நேரத்துக்குப் போகாது. மூடி வச்சு ஒரு மணி நேரம் விடுங்க. தோல்ல இருக்கிற எண்ணெயை சர்க்கரை இழுத்துக்கும். நிறைய பேர் தோலை இஞ்சியோட சேத்து கொதிக்க விட்டுடுறாங்க, அப்ப வாசனையெல்லாம் ஆவியோட போய் அடுக்களை மட்டும் மணக்கும், பாட்டில்ல ஒண்ணும் மிஞ்சாது.

அடுத்தது இஞ்சி. 150ல 100 கிராமை மட்டும் தோல் சுரண்டித் துருவி ஒரு லிட்டர் தண்ணில போட்டு கொதிக்க விடுங்க, கொதி வந்ததுக்கு அப்புறம் பத்து நிமிஷம் போதும். ரொம்ப நேரம் கொதிச்சா பச்சை இஞ்சியோட காரச் சத்து மாறி மென்மையாயிடும், வாசனை இனிப்பா வரும் ஆனா சுறுக்குன்னு இருக்காது. அதனாலதான் மீதி 50 கிராமை கொதிக்க வைக்காம தனியா அரைச்சுச் சாறு எடுக்கச் சொல்றேன். அந்தச் சாறை ஒரு டம்ளர்ல ஊத்தி அரை மணி நேரம் அசைக்காம வச்சா அடியில வெள்ளையா ஒண்ணு படியும், வீட்டுல பெரியவங்க இஞ்சிச் சாறு கொடுக்கும்போது மேல தெளிவை மட்டும் எடுத்துட்டு அடிய கொட்டிடுவாங்களே, அதே பக்குவம்தான் இங்கயும். அந்த வெள்ளை மாவுச்சத்து, அது பாட்டில்ல போனா குடிக்கும்போது நாக்குல மாவா ஒட்டும்.

கொதிச்ச இஞ்சித் தண்ணியை இறக்கி, கொஞ்சம் சூடு தணிஞ்சு கை பொறுக்கிற பதம் வந்ததும் தோல் கலந்த சர்க்கரையைப் போட்டு கரைச்சு மூடி வைங்க. முழுசா ஆறினதுக்கு அப்புறம் மெல்லிசு துணில வடிகட்டிப் பிழிஞ்சுட்டு, தெளிஞ்ச இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு 120 மில்லி, மீதி ஆறின தண்ணி ஊத்தி மொத்தம் ரெண்டு லிட்டர் ஆக்குங்க. இப்ப ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. இனிப்பு கொஞ்சம் தூக்கலா, புளிப்பு நல்லா, காரம் கடைசில வந்து நிக்கிற மாதிரி இருக்கணும். நொதிக்கும்போது இனிப்பு கொஞ்சம் குறையும், கேஸ் ஏறினதும் புளிப்பு கூடினாப்ல தெரியும், அதை மனசுல வச்சு ருசி பாருங்க. எலுமிச்சைச் சாறை மட்டும் குறைக்காதீங்க, ருசிக்கு மட்டும் இல்ல, அந்தப் புளிப்பு இருக்கிறதாலதான் கண்ட கிருமி எல்லாம் வளராம ஈஸ்ட்டுக்கு வழி கிடைக்குது.

ஈஸ்ட்டை கடைசிலதான் போடணும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில தூவி பத்து நிமிஷம் விட்டா நுரை மாதிரி வரும், வரலைன்னா ஈஸ்ட் பழசு, கடைல போய் புதுசு வாங்குங்க. கலவை தொட்டா சூடே தெரியக் கூடாது, 35 டிகிரிக்குக் கீழ இருக்கணும், சூட்டோட போட்டா ஈஸ்ட் செத்துடும், நாள் கணக்கா வச்சிருந்தாலும் கேஸே வராது. கலந்து, சுத்தமா கழுவின பாட்டில்ல ஊத்தி, மேல நாலு விரல் இடம் விட்டு, மூடியை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்துல, கீழ ஒரு தட்டு வச்சு அதுல நிறுத்துங்க.

இனிமே வேலை கை விரலுக்குத்தான். மூடினதும் பாட்டிலை அமுக்கிப் பாருங்க, உள்ள போகும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை அமுக்கிட்டே இருங்க. கடைல வாங்கின திறக்காத சோடா பாட்டில் மாதிரி கல்லா நின்னுச்சுன்னா முடிஞ்சுது, உடனே ப்ரிட்ஜ். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் மாதிரி வெக்கைல எட்டு மணி நேரத்துலயே ஆயிடலாம், சாதாரணமா 30 டிகிரில அரை நாள்லேர்ந்து ஒரு நாள், ஊட்டி கொடைக்கானல்னா ரெண்டு மூணு நாள் கூட ஆகும். இணையத்துல இருக்கிற வெள்ளைக்காரங்க செய்முறைல மூணு நாள் வெளிய வைன்னு இருக்கும், அது அவங்க ஊர் குளிருக்கு, அதைப் படிச்சுட்டு சித்திரை மாசத்துல மூணு நாள் வெளிய வச்சுடாதீங்க.

ஏன் இவ்வளவு பயமுறுத்துறேன்னா கணக்கு அப்படி. நல்லா கேஸ் இருக்கிற பானத்துக்கு ஒரு லிட்டர்ல வெறும் 10 கிராம் சர்க்கரை நொதிச்சாலே போதும். நாம போட்டிருக்கிறது லிட்டருக்கு 100 கிராம். மொத்தமும் நொதிச்சா அந்தத் தண்ணியோட அளவை விட 25 மடங்கு கேஸ் வரும், எந்த பாட்டிலும் நிக்காது. ஆக நாம பத்துல ஒரு பங்கு வேலைலயே ஈஸ்ட்டை நிறுத்துறோம், நிறுத்துறது குளிர்தான். ப்ரிட்ஜுக்கு வெளிய மறந்து வச்சாலும், இல்ல கரண்ட் போய் ராத்திரி முழுக்க ப்ரிட்ஜ் ஓடலைன்னாலும், அது மறுபடி கிளம்பிடும். ஊருக்குப் போறீங்கன்னா குடிச்சு முடிச்சுட்டுப் போங்க, இல்ல பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டுப் போங்க.

ஆல்கஹால் இருக்குமான்னு எல்லாரும் கேக்குற கேள்வி, நேரா பதில் சொல்லணும். இருக்கும், கொஞ்சம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னா கேஸும் ஆல்கஹாலும் கிட்டத்தட்ட சமமா வரும். மேல சொன்ன 10 கிராம் கணக்குல பாத்தா அரை சதவீதத்துக்கு மேல, முக்கால் சதவீதத்துக்குக் கீழ. கோர்ஃபுல இதை எல்லாரும் குடிக்கிற சாதாரணக் குளிர்பானமாத்தான் நினைக்கிறாங்க. ஆனா வெளிய அதிக நேரம் வச்சா ஏறிட்டே போகும். மார்க்கப்படி அறவே தொடாதவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, சின்னப் பிள்ளைங்க, குடியை விட்டவங்க வீட்டுல இருந்தா ஈஸ்ட் இல்லாம போடுங்க: அதே இஞ்சி, அதே தோல் சர்க்கரை, தண்ணியை மட்டும் அரை லிட்டராக் குறைச்சுக் கெட்டியா எடுத்து, குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூணு பங்கு சாதா சோடா ஊத்திக்கலாம். நொதிச்சதுல வர்ற அந்த லேசான ரொட்டி மணம் இருக்காது, மத்தபடி ருசிக்குக் குறை இல்ல. வீட்டுக்கு யார் வந்தாலும் எந்த பாட்டில் எதுன்னு மூடில எழுதி ஒட்டிடுங்க, கேட்டுட்டு கொடுங்க.

ஈஸ்ட் வாங்காம இஞ்சிலயே இருக்கிற ஈஸ்ட்டை வச்சு போடணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர், எனக்கும் அதுதான் பிடிக்கும், ருசி இன்னும் ஆழமா இருக்கும். இஞ்சித் தோல்ல இயற்கையாவே ஈஸ்ட்டும் புளிப்புக் கிருமியும் இருக்கு. ஒரு டம்ளர் குளோரின் இல்லாத தண்ணில ரெண்டு டீஸ்பூன் தோலோட துருவின இஞ்சி, ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டு துணி கட்டி வைங்க, தினமும் அதே அளவு இஞ்சி, சர்க்கரை சேத்துக் கலக்குங்க. நம்ம வெக்கைல மூணு நாலு நாள்ல மேல சின்னச் சின்ன குமிழ் ஓடும், காதைக் கிட்ட வச்சா சுர்ருன்னு சத்தம் கேக்கும். அதுல கால் டம்ளர் வடிகட்டி ஈஸ்ட்டுக்குப் பதிலா ஊத்துங்க. மேல பஞ்சு மாதிரி பூசணம், கருப்போ பச்சையோ, எதைப் பாத்தாலும் மொத்தமா கொட்டிடுங்க, மேலாக்க எடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கலாம்ங்கிற எண்ணமே வேண்டாம். கடைல பாலீஷ் போட்டது மாதிரி பளபளன்னு கழுவி வர்ற இஞ்சில இது சில சமயம் வராது, சந்தைல மண்ணோட இருக்கிற நாட்டு இஞ்சி வாங்கினா வரும். ஈஸ்ட்ல ஒரு தடவை சரியா வந்ததுக்கு அப்புறம் இதுக்கு வாங்க, ஏன்னா இதுல வேகத்தைக் கணிக்கிறது கஷ்டம்.

சிலருக்கு வர்ற சந்தேகங்கள். ஒரு நாள் ஆச்சு பாட்டில் இன்னும் மெத்துன்னு இருக்குன்னா அவசரப்பட்டு மறுபடி ஈஸ்ட் போடாதீங்க, மூடி சரியா இறுகியிருக்கான்னு பாருங்க, பாதி பிரச்சினை அங்கதான், மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சிருக்கும். திறந்தா முட்டை நாத்தம் லேசா வந்தா ஈஸ்ட் திணறியிருக்கு, ப்ரிட்ஜ்ல ஒரு நாள் மூடியை லூசா வச்சா பெரும்பாலும் போயிடும். வினிகர் வாடை வந்தா அது காத்து பட்டுப் புளிச்சது, குடிக்காதீங்க. கசப்பா இருந்தா தோல்ல வெள்ளை வந்திருக்கு, அடுத்த தடவை கத்தியை இன்னும் சாய்ச்சுப் பிடிங்க.

ப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி முழுசா இருந்தப்புறம்தான் திறக்கணும், குளிர்ந்தாத்தான் கேஸ் தண்ணிக்குள்ள அடங்கும், அவசரப்பட்டா பாதி மேலுக்கு வந்துடும். வாஷ்பேசின் மேல வச்சு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க, நுரை ஏறினா மறுபடி மூடி, அடங்கினதும் திருகுங்க. ஒரு வாரத்துக்குள்ள குடிச்சுடணும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூடியை லேசா திறந்து கேஸ் விடணும், குளிர்லயும் ஈஸ்ட் முழுசா தூங்காது. ருசி உச்சத்துல இருக்கிறது ரெண்டாம் மூணாம் நாள், அப்ப எலுமிச்சை மணம் முழுசா இருக்கும், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மங்கும். கோர்ஃபுலயும் இது ப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் குடிச்சு முடிக்கிற பானம்தான், மாசக்கணக்குல அடுக்கி வைக்கிற சரக்கு இல்ல. ஐஸ் போடாதீங்க, தண்ணியா ஆயிடும், டம்ளரைக் குளிர வச்சு ஊத்துங்க. உப்பு போட்ட வறுத்த கடலை பக்கத்துல இருந்தா நல்லா சேரும்.

வடிகட்டின இஞ்சிச் சக்கையைத் தூக்கிப் போடாதீங்க, சர்க்கரை ஏறியிருக்கும், எலுமிச்சைத் தோலும் கூட இருக்கும். தோலைப் பொறுக்கி எடுத்துட்டு, புளி, வரமிளகாய், கொஞ்சம் உளுந்து வறுத்துப் போட்டு அரைச்சா இனிப்பும் காரமுமா ஒரு துவையல் வரும், தயிர்சாதத்துக்கு அன்னைக்கே காலியாயிடும்.